மணல் அடுக்குக்குள் இந்தச் சுருள் எப்படி வந்தது? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நிலவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருவான்மியூரில் எங்கள் தெருவில் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். மேஸ்திரி அண்ணனிடம் கேட்டு உள்ளே இறங்கிப் பார்த்தேன். சுமார் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு முழ உயர மணல் அடுக்கு மட்டும் முறுக்குப் பிழிந்ததுபோல் சுருண்டு கிடக்கிறது. அதன் மேலும் கீழும் அடுக்குகள் கோடு போட்டதுபோல் நேராக இருக்கின்றன. அப்படியானால், மேல் அடுக்கு படிவதற்கு முன்பே, ஈரமாக இருந்தபோது இது குலைந்திருக்க வேண்டும்.

காரணம்தான் பிடிபடவில்லை. நீர் நிறைந்த தளர்வான மணல் நிலநடுக்கத்தில் குலுங்கினால், மணல் மணிகளுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறும். மணிகளின் பிடி விட்டுப்போய்க் கொஞ்ச நேரம் எல்லாம் குழம்புபோல் ஆகிவிடும். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. அதனால் பழைய அதிர்வு ஏதாவது இருக்குமோ என்று தோன்றுகிறது. ஆனால் வெள்ளம் ஒரே மூச்சில் மணலைக் கொட்டினாலும், அடியில் சிக்கிய நீர் மேலே பீறிட்டு இதே வேலையைச் செய்யும். புயல் அலையின் மோதலும் செய்யும். வடிவத்தை மட்டும் பார்த்து நிலநடுக்கம் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

பெசன்ட் நகர், கொட்டிவாக்கம் பக்கம் தோண்டிய குழிகளில் இதே போன்ற அடுக்கை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பல இடங்களில் தொடர்ந்தால் நிலநடுக்க வாதம் வலுப்பெறும். அப்புறம், பசை தடவித் துணியில் மணல் சுவரை அப்படியே உரித்தெடுக்கத் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது புதன்கிழமைக்குள் வர முடியுமா? வியாழக்கிழமை கான்கிரீட் போடுகிறார்கள்.