ஏற்காட்டு இறக்கத்துல முன் பிரேக் மெத்துனு போகுது, கையும் மரத்துப்போகுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர்க்காரன். ரெண்டு வருஷமா கேப்பர் மலை முந்திரித் தோப்பு ஒத்தையடிப் பாதையிலதான் எம்.டி.பி. (மலைப் பாதை சைக்கிள்) ஓட்டிப் பழக்கம். மலைன்னு பேருதான், எந்த இறக்கமும் ஒரு நிமிஷம் தாண்டாது. போன வாரம் முதல் தடவையா நாலு பேர் ஏற்காடு போனோம். தெரிஞ்சவரோட காபி எஸ்டேட்டுக்குள்ளயே, அவர்கிட்ட கேட்டுட்டு, ஒரு சுத்து. சுமாரா 9 கிலோமீட்டர். ரொம்பக் கஷ்டமான தடம்னு சொல்ல முடியாது. வேர், சில்வர் ஓக் சருகு, அங்கங்க பாறை, நாலஞ்சு ஒடிச்சுத் திருப்பற வளைவு.

ஏத்தத்துல ஒண்ணும் பிரச்சினை இல்ல. இறக்கத்துல பாதி தூரம் வந்ததும் முன் பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடுச்சு. நின்னு ஒரு ஆரஞ்சு உரிச்சுத் தின்னு முடிக்கிறதுக்குள்ள ஓரளவு கெட்டியாச்சு. மறுபடி இறங்கினா மறுபடி அதே கதை. ஒரு வளைவுல முன் சக்கரம் வழுக்கி நேரா காபிச் செடிக்குள்ள போயிட்டேன். கீழ வந்தப்ப சுண்டுவிரல், மோதிரவிரல் ரெண்டும் மரத்து, பாட்டில் மூடியைத் திறக்க முடியல.

வண்டி ஹார்ட்டெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாதது), 29 இன்ச் சக்கரம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், அதாவது ஆயில் அழுத்தத்துல பிடிக்கிறது. ட்யூப் போட்ட 2.25 டயர், காத்து 45 பி.எஸ்.ஐ. என் எடை 78 கிலோ. கடையில "பேட் (டிஸ்க்கைக் கவ்வுற பிரேக் கட்டை) மாத்துங்க, சரியாயிடும்"னாங்க. மாத்தியாச்சு. லீவர் இன்னும் கொழகொழன்னுதான் இருக்கு.

சேர்வராயன்:
லீவர் மெத்துனு உள்ள போச்சா, இல்ல கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலையா? ரெண்டும் வேற வேற வியாதி. கெட்டியா இருந்தும் நிக்கலைன்னா பேட் சூட்டுல கண்ணாடி மாதிரி ஆயிருக்கும், உப்புத்தாள்ல லேசா தேய்ச்சுப் பார்க்கலாம். மெத்துனு போச்சுன்னா கோளாறு ஆயில்ல. வண்டியை எப்படிக் கொண்டு போனீங்க?

கெடிலக்கரை:
மெத்துனுதான் அண்ணா. வேன்ல முன் சக்கரத்தைக் கழட்டி, தலைகீழா நிக்கவெச்சு, விருத்தாசலம் வழியா சேலம் வரைக்கும் அப்படியேதான்.

சேர்வராயன்:
சரியாப் போச்சு. லீவர் பக்கத்துல சின்ன ஆயில் டப்பா இருக்கு பாருங்க. அதுல துளி காத்து தங்கியிருந்தா, வண்டி நிமிர்ந்து நிக்கிற வரைக்கும் அது மேலேயே கிடக்கும், தொல்லை இல்ல. கவுத்துட்டா பிரேக் ஆயில் போற ட்யூப்புக்குள்ள புகுந்துடும். ஆயில் அமுக்கினா சுருங்காது, காத்து சுருங்கும். நீங்க குடுக்கற அழுத்தம் பூரா அந்தக் குமிழியை நசுக்கவே போயிடுது. பழைய ஆயில் வேற சூடேறினா கேக்கவே வேணாம்.

இன்னிக்கு ராத்திரி லீவரை ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டி, வண்டியை நிமிர்த்தி வைங்க. காலையில கொஞ்சம் கெட்டியா இருந்தா காத்துதான்னு உறுதி. ஆனா அது வைத்தியம் இல்ல, ப்ளீட் பண்ணியே ஆகணும், அதாவது புது ஆயில் ஊத்தி உள்ள இருக்கிற காத்தை வெளியேத்தணும். மினரல் ஆயிலா, டாட் ஆயிலான்னு லீவர்ல எழுதியிருக்கும். மாத்தி ஊத்தினா உள்ள இருக்கிற சீல் ஊதிப்போய் பிரேக்கே போயிடும்.

வேகராஜா:
டிஸ்க் சூடானா தண்ணி ஊத்தி ஆத்திடுங்க ப்ரோ, நான் அப்படித்தான் செய்வேன்.

சேர்வராயன்:
வேணாம். பழுத்த தோசைக்கல்லுல குளிர்ந்த தண்ணி ஊத்தின மாதிரி டிஸ்க் கோணிக்கும். அப்புறம் சக்கரம் சுத்தச் சுத்த உரசிக்கிட்டே இருக்கும்.

செம்மண்சக்கரம்:
புதுச்சேரியிலேர்ந்து. ஆயில் ஒரு பக்கம் இருக்கட்டும், பழக்கமும் ஒரு காரணம் தம்பி. நானும் பொம்மையார்பாளையம் செம்மண்ல பழகினவன்தான். நம்ம பக்கம் பிரேக்கைத் தொட்டுக்கிட்டே இறங்கலாம், டிஸ்க் சூடேறறதுக்குள்ள மேடு தீர்ந்துடும். மலையில அப்படி இறங்கினா சட்டியை அடுப்பிலேயே வெச்ச கதைதான். வளைவுக்கு முன்னாடி நேர்ப் பாதையிலேயே ரெண்டு பிரேக்கையும் நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சுட்டு, வளைவுக்குள்ள விட்டுடுங்க. சருகு மேல வண்டியைச் சாய்ச்சுக்கிட்டே முன் பிரேக்கைப் பிடிச்சா வழுக்கத்தான் செய்யும்.

45 ரொம்ப அதிகம், டயர் கல்லு மேல குதிக்கும். ட்யூப் இருக்கிறதால முன்ன 28, பின்ன 31ல ஆரம்பிங்க. பஞ்சர்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை இருந்தா அது முள்ளு இல்ல, காத்து போதாம ட்யூப் ரிம்முல நசுங்கியிருக்கு. அப்ப ரெண்டு பி.எஸ்.ஐ. ஏத்திக்கங்க.

இன்னொண்ணு, டிஸ்க்ல பொடி எழுத்துல ரெசின் பேட் மட்டும்னு ஆங்கிலத்துல செதுக்கியிருக்கான்னு பாருங்க. இருந்தா மெட்டல் பேட் போடக் கூடாது, டிஸ்க்கைத் தின்னுடும்.

பலாச்சுளை:
பண்ருட்டி. கையைப் பத்தி யாரும் பேசலையே! அந்த ரெண்டு விரலுக்குப் போற நரம்பு உள்ளங்கை ஓரமா வருது. மூணு விரலால லீவரை இறுக்கிக்கிட்டு மொத்த பாரத்தையும் கையில போட்டா அது நசுங்கும். எனக்கும் இருந்துச்சு. லீவர்ல ஒரு சின்ன அலன் ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருப்பினா லீவர் கிட்ட வரும், ஆள்காட்டி விரல் ஒண்ணே போதும். இறங்கும்போது சீட்டை நல்லா இறக்கி, எழுந்து நின்னு, குதிகாலைக் கீழ அழுத்துங்க. பாரம் காலுக்குப் போயிடும். ரெண்டு நாள் தாண்டியும் மரமரப்பு போகலைன்னா டாக்டர்கிட்ட காட்டிடு தம்பி, சும்மா விடாத.

கெடிலக்கரை:
விரல் மறுநாளே சரியாச்சு அக்கா.

ரப்பர் பேண்ட் போட்டதுல காலையில லீவர் பாதிக்கு மேல வரல. நேத்து ப்ளீட் பண்ணினேன். புனல்ல கடுகு கடுகா குமிழி வந்துக்கிட்டே இருந்துச்சு, கடைசியா பட்டாணி அளவு ஒண்ணு. ஆயில் டீ டிகாஷன் நிறம். டிஸ்க்லயும் அந்த எழுத்து இருக்கு, கடையில மாட்டினது மெட்டல் பேட்! திருப்பிக் குடுத்துட்டேன்.

காத்தைக் குறைச்சு இன்னிக்குக் காலையில கேப்பர் மலையில ஒரு சுத்து வந்தேன். சரளையில முன் சக்கரம் நல்லாக் கவ்வுது. ஆனா இங்க டிஸ்க்கை சூடேத்தவே முடியலயே, அடுத்த மாசம் ஏற்காட்டுலதான் தெரியும். இந்தத் தடவை வேன்ல வண்டி நின்னுக்கிட்டு வரும், நாங்கதான் மடங்கி உக்காரணும்.