ரூம்ல சும்மா கிடக்குற டெலிபோன் வயர்ல இன்டர்நெட் ஓடுமா?

யீஷூன்வாசி:
வணக்கம் மக்களே. 2001ல கட்டுன ஃபைவ் ரூம் ஃப்ளாட். ஃபைபர் பாயின்ட் ஹால்ல டிவிக்குப் பின்னாடி இருக்கு, நான் வேலை பாக்குற கடைசி ரூமுக்கும் அதுக்கும் நடுவுல பொம்ப் ஷெல்டர் (குண்டு விழுந்தா ஒதுங்குற ரூம்), அந்த காங்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை அப்படியே முழுங்கிடுது. மெஷ்னு வைஃபையை ரூமுக்கு ரூம் கடத்துற பாக்ஸுங்க வாங்கிப் போட்டும் மீட்டிங்ல என் குரல் பாதி நேரம் ரோபோதான். புது கேபிள் இழுக்கலாம்னா சுவத்துல ட்ரங்கிங் (வயரை மூடுற பிளாஸ்டிக் பட்டை) ஓடவே கூடாதுன்னு வீட்டம்மா ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. எல்லா ரூம்லயும் பழைய டெலிபோன் பாயின்ட் இருக்கு. அந்தக் காலத்துல இந்த வயர்லதானே பிராட்பேண்டே வந்துச்சு, இப்ப ஹால்லேருந்து ரூம் வரைக்கும் ஓட்ட முடியாதா?

பழையமோடம்:
தாராளமா ஓடும். பேச்சுக்கு அந்த வயர்ல 4 கிலோஹெர்ட்ஸ் போதும், அதுக்கு மேல எல்லாம் காலி, ஏடிஎஸ்எல்னு டெலிபோன் வயர்ல வந்த பழைய பிராட்பேண்ட் அந்தக் காலி இடத்துலதான் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் டேட்டாவை ஏத்துச்சு. சிங்கப்பூர்ல சிங்டெல்லோட ஏடிஎஸ்எல் சேவை மேஜிக்ஸ் வந்த புதுசுல போன் பேசிக்கிட்டே நெட் பாத்தது எங்களுக்குப் பெரிய அதிசயம், அந்தக் குட்டி ஃபில்டரை மாட்ட மறந்தா மட்டும் காதுல இஸ்ஸ்ஸ்னு இரையும்.
செம்புக்கு தூரம்தான் எமன். அதுக்கு அடுத்து வந்த ஏடிஎஸ்எல்2+ல 24 எம்பிபிஎஸ்னு சொன்னதெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான், ஃப்ரீக்வன்சி ஏற ஏற வயர் அதைச் சீக்கிரமே தின்னுடும். அதையும்விட வேகமான விடிஎஸ்எல்2 30 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், ஆனா சில நூறு மீட்டர்லயே மூச்சு வாங்கும். உங்களுக்கு 15 மீட்டர் இருக்குமா? வயரோட ரெண்டு முனைலயும் மாட்டி நெட்டைக் கடத்துற விடிஎஸ்எல்2 எக்ஸ்டெண்டர்னு ரெண்டு பாக்ஸ் ஜோடியா விக்கிறாங்க, 100 எம்பிபிஎஸ் பக்கம் வரும். இன்னும் வேகம் வேணும்னா ஜி.எச்என்ங்கிற வேற டெக்னாலஜில டெலிபோன் வயருக்குன்னு வர்ற அடாப்டர் தேடுங்க.

கேபிள்காரன்:
அண்ணே, காசைக் கொட்டுறதுக்கு முன்ன சாக்கெட்டைக் கழட்டிப் பாருங்க. உள்ள எட்டு வயர், உறைல கேட்5இன்னு (நெட்வொர்க் கேபிள் வகை) எழுதி இருந்து ஹால்லேருந்து நேரா ரூமுக்கு வந்தா பாக்ஸே வேணாம், ரெண்டு முனைலயும் ஆர்ஜே45ங்கிற நெட்வொர்க் பிளக் மாட்டுனா கிகாபிட்டே ஓடும். நாலு வயர்னா எக்ஸ்டெண்டர்தான்.
இன்னொண்ணு, ஒரு சாக்கெட்லேருந்து அடுத்ததுக்குன்னு தொங்கல் தொங்கலா இழுத்திருப்பாங்க. முனை சும்மா கிடக்குற கிளைக்குள்ள சிக்னல் போயி சுவத்துல அடிச்ச பந்து மாதிரி திரும்பி வந்து பின்னாடி வர்றதோட மோதும். போன் பேசுறப்போ இது தெரியவே தெரியாது, விடிஎஸ்எல்லுக்கு பயங்கர இடைஞ்சல். நடு சாக்கெட்ல வேண்டாத கிளையைக் கழட்டிட்டு வர்ற வயரையும் போற வயரையும் நேரா சேத்துடுங்க.

தாரா87:
டிவி பாயின்ட் இருந்தா, டிவி வயர்ல நெட்டை ஓட்டுற மோகாவும் பாருங்க, அந்தக் கோஆக்சியல் வயர் இதைவிட எவ்வளவோ மேல். என்ன, நான் ரெண்டு கடைல கேட்டப்போ மோகான்னா என்னன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க லா.

யீஷூன்வாசி:
கழட்டிட்டேன். நாலே நாலு வயர், நடு சாக்கெட்ல எறும்புக் கூடு, நீல வயர் முனை பச்சை பூத்துப்போய் இருந்துச்சு. அதை வெட்டி புதுசா உரிச்சு முறுக்கிவிட்டேன். எக்ஸ்டெண்டர் ஜோடி நேத்து வந்துச்சு, மாட்டினா லைட் அரை மணி நேரமா மினுக்குது, அப்புறம்தான் பாக்குறேன் பின்னாடி இருக்குற குட்டி ஸ்விட்ச் ரெண்டுலயும் ஸ்லேவ்ல இருக்கு. ஒண்ணை மாஸ்டர் ஆக்கினதும் லைன் பிடிச்சிடுச்சு, ஆனா டவுன்லோட் 40, அப்லோட் 90. இது என்ன தலைகீழா இருக்கு?

பழையமோடம்:
மாஸ்டரை ரூம்ல வச்சிருப்பீங்க. ஏடிஎஸ்எல், விடிஎஸ்எல் மாதிரி டிஎஸ்எல் வகைல எக்ஸ்சேஞ்ச் பக்கத்துலேருந்து வீட்டுக்கு வர்ற திசைக்குத்தான் ஃப்ரீக்வன்சி அதிகம் ஒதுக்குவாங்க. உங்க வீட்ல எக்ஸ்சேஞ்ச் ஹால்தான், மாஸ்டர்தான் எக்ஸ்சேஞ்ச் வேஷம் போடுது, அது ரவுட்டர் பக்கம் போகட்டும்.

யீஷூன்வாசி:
மாத்தியாச்சு, டவுன்லோட் 92! காலைல மீட்டிங் ஒரு விக்கல் இல்லாம போச்சு. இப்ப பொண்ணு தன் ரூமுக்கும் வேணும்ங்கிறா, இன்னொரு ஸ்லேவ் வாங்கி அதே வயர்ல சேத்துடலாமா?

கேபிள்காரன்:
முடியாது, இது ஒண்ணுக்கு ஒண்ணுதான். பேசாம உங்க ரூம்ல ஒரு ஆக்ஸஸ் பாயின்ட் (வயர்ல வர்ற நெட்டை வைஃபையா குடுக்குற பாக்ஸ்) வச்சு விடுங்க, அவ ரூமுக்கும் உங்க ரூமுக்கும் நடுவுல ஷெல்டர் இல்லையே?