மார்கோ டிடெக்: 218 சென்டிமீட்டரைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

மூன்றாம்வரிசை:
மார்கோ என்று அறியப்பட்ட போலந்து வீராங்கனை மவ்கொஜாதா டிடெக்கைக் கூடைப்பந்தின் பெருவீராங்கனைகளுள் ஒருவராகக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1974-இல் வார்சாவில் பிறந்த அவரது உயரம் 218 சென்டிமீட்டர். அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவின் 1998 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) உட்டா ஸ்டார்ஸ் அணி அவரை முதலாவதாக எடுத்ததற்கு அந்த எண்ணே போதுமான காரணம். அதே டிராஃப்டில் இரண்டாவதாகச் சாக்ரமென்டோ அணிக்குப் போன போர்ச்சுகல் கார்டு (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர்) டீஷா பெனிஷெய்ரோ, 2005 இறுதிச் சுற்றில் டிடெக்கின் கனெடிகட் சன் அணியையே வென்று பட்டம் பெற்றார். டிடெக்குக்கு அந்தப் பட்டம் கடைசிவரை கிட்டவில்லை.

பலகைக்கடியில்:
அந்தச் சுற்றில் கனெடிகட்டின் ஆட்டத்தை நடத்தவேண்டிய லிண்ட்சே வேலன் காயத்தோடு தவித்ததை விட்டுவிட்டீர்கள், நண்பரே. அது கிடக்கட்டும். டிடெக் டபிள்யூஎன்பிஏவில் 323 ஆட்டங்களில் 877 பிளாக்குகள், அதாவது எதிரணி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பது, செய்தார். அவர் விலகியபோது அதுவே லீக் சாதனை. உயரம் இருந்தால் பிளாக் தானே வந்துவிடும் என்பவர்கள் விதியை மறந்துவிடுகிறார்கள். கூடையை நோக்கிக் கீழிறங்கத் தொடங்கிய பந்தைத் தொட்டால் கோல்டெண்டிங் என்று புள்ளி எதிரணிக்குப் போய்விடும். எனவே பந்து கையை விட்டு மேலேறும் அந்த நொடிக்குள், கையில் அடிக்காமல், பந்தை மட்டும் தட்ட வேண்டும். எதிரணிக் கார்டு பாய்ந்து வந்து, எதிரே அந்தக் கைகளைக் கண்டு, ஷாட்டை அடக்கிக்கொண்டு பந்தை வெளியே பாஸ் செய்வது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

மூன்றாம்வரிசை:
அந்தக் கார்டு பயந்தது கைகளின் நீளத்துக்குத்தானே, ஐயா? உயரத்தை வைத்தே பேசுவதானாலும், டிடெக்கைவிடக் குறைந்த உயரமுடைய சோவியத் வீராங்கனை உலியானா செம்யோனவா 1976, 1980 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றார்.

கடலோரம்:
செம்யோனவாவைச் சுற்றி நின்றது சோவியத் யூனியன். டிடெக்கைச் சுற்றி நின்றது போலந்து. ஒப்பிடும்போது இதையும் தராசில் வைக்க வேண்டாமா? 1999-இல் கட்டோவிச்சேயில், சொந்த மண்ணில், போலந்து மகளிர் அணி இறுதியாட்டத்தில் பிரான்சை வென்று முதன்முறையாக ஐரோப்பியப் பட்டம் பெற்றது, அவரை நடுவில் வைத்துத்தான். மறு ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலும் ஆடியது. அவர் ஆடிய போலந்துக் கிளப்பான க்டினியா 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கிளப்புகளின் போட்டியான யூரோலீக்கில் இறுதிவரை சென்றது. டபிள்யூஎன்பிஏ நடக்கும் அமெரிக்கக் கோடைக்காலத்தை மட்டும் கணக்கிட்டால், ஆண்டின் பாதியை அழித்துவிட்டு எடைபோடுகிறீர்கள் என்று பொருள். அவருடைய சகோதரிகள் கதார்ஜினாவும் மார்த்தாவும்கூடக் கூடைப்பந்து ஆடியவர்கள்தாம். ஓய்வுக்குப் பின் பிரிஸ்பேனில் பயிற்சியளித்துவந்த அவர், மூன்றாவது குழந்தையைச் சுமந்திருந்த நிலையில் மாரடைப்பால் நினைவிழந்து, 2011 மே மாதம் 37 வயதில் காலமானார்.

பலகைக்கடியில்:
ஒன்று சேர்க்கிறேன். கூடைக்கு அருகே ஆடும் உயரமான சென்டர், பந்து கிடைத்ததும் கூடையை மட்டுமே பார்ப்பார் என்று எதிர்பார்ப்போம். இவரோ தடுப்பாளர்களின் தலைக்கு மேலாகப் பார்த்து, ஓடிவரும் தோழிக்குப் பந்தை இறக்கிவிடுவார். அந்தப் பார்வையை 218 சென்டிமீட்டர் கற்றுத்தரவில்லை.

மூன்றாம்வரிசை:
கட்டோவிச்சேக்கு என்னிடம் மறுப்பில்லை. ஐரோப்பிய வரிசையில் அவரைத் தாராளமாக வையுங்கள். டபிள்யூஎன்பிஏ வரிசையில் மட்டும், 1998 டிராஃப்டைத் திருப்பி எழுதச் சொன்னால், நான் முதலில் பெனிஷெய்ரோவின் பெயரைத்தான் எழுதுவேன்.