மதுரை மொட்டை மாடியிலிருந்து சூரியப் புள்ளிகள்: புறநிழலின் இழைகள் ஏன் பதிவாவதில்லை?

கிழக்குவானம்:
அனைவருக்கும் வணக்கம். 80 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட லென்ஸ் தொலைநோக்கியின் முகப்பில், அடர்த்தி 5.0 உள்ள (அதாவது ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும்) சூரிய ஃபிலிமைப் பொருத்தி, டி.எஸ்.எல்.ஆர். கேமராவை நேரடியாக இணைத்துப் படம் எடுத்து வருகிறேன். சூரியன் உயரத்தில் இருக்கும்போது அதன் ஒளி கடந்துவரும் காற்றின் தடிமன் குறைவாக இருக்கும் என்பதால் நண்பகலைத் தேர்ந்தெடுத்தேன். புள்ளிகளின் நடுவிலுள்ள கரும்பகுதியான கருநிழல் நன்றாகவே பதிவாகிறது; ஆனால் அதைச் சூழ்ந்த புறநிழல் வெறும் சாம்பல் திட்டாகவே நிற்கிறது. 6 அங்குல நியூட்டோனியன் (ஆடி வகைத் தொலைநோக்கி) வாங்கினால் இந்தக் குறை நீங்குமா?

நிழலளவி:
வணக்கம் ஐயா. காற்றின் தடிமனைப் பற்றி நீங்கள் எண்ணியது சரியே. ஆனால் பகலில் படத்தைக் குலைப்பது பெரும்பாலும் மேலே உள்ள காற்று அன்று. தொலைநோக்கியைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் சில மீட்டர் உயரத்துக்குள் கொதித்தெழும் காற்றுதான். மதுரையில் நண்பகலில் கான்கிரீட் தளம் எவ்வளவு சுடும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தத் தளத்தின் மேல் முக்காலியை நிறுத்தினால், எவ்வளவு பெரிய கருவியானாலும் அந்த வெப்ப அலைகளின் ஊடாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரியின் நடுவிலுள்ள தீவில் அமைத்ததற்குக் காரணமே இதுதான்: தண்ணீர் தரையைப் போல விரைவாகச் சூடேறாததால் அதன் மேலுள்ள காற்று அமைதியாக இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஆய்வகமும் இதே காரணத்துக்காக ஏரிக்குள்தான் நிற்கிறது. நமக்கு ஏரி வேண்டியதில்லை, புல்தரையோ மண்தரையோ போதும். மாடியை விட்டால் வேறு இடமில்லை என்றால், தளம் சூடேறுவதற்கு முன், சூரியன் ஏறத்தாழ 25 முதல் 40 பாகை உயரத்தில் இருக்கும் காலை நேரத்தில் எடுத்துப் பாருங்கள். அந்த உயரத்தில் காற்றின் தடிமன் கூடுதல்தான்; இருந்தும் தரைவெப்பம் இல்லாததால் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது. தொலைநோக்கியின் குழாய் வெயிலில் காயாமல் வெள்ளைத் துணியால் மூடி வைப்பதும் உதவும்.

ஆயிரம்பிரேம்:
நிழலளவி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அத்துடன் அளவு பற்றிய ஒரு கணக்கையும் சேர்க்க விரும்புகிறேன். 600 மி.மீ. குவியத் தூரத்தில் சூரியனின் பிம்பம் சென்சாரில் 5.6 மி.மீ. அகலம்தான் இருக்கும். பிக்சல் 4.3 மைக்ரான் என்று கொண்டால், ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 1.5 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வருகிறது. 80 மி.மீ. லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய எல்லையும் அதே 1.5 வில்விநாடியே; அந்த எல்லையைப் பதிவு செய்ய இரண்டு பிக்சலாவது வேண்டும் என்பதால், லென்ஸ் தருகிற நுணுக்கத்தில் பாதியைச் சென்சார் இழந்துவிடுகிறது. பிம்பத்தை 2 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றைச் சேர்த்தால் பிக்சலுக்கு 0.75 வில்விநாடி கிடைக்கும். புதிய தொலைநோக்கிக்கு முன் அதைத்தான் வாங்குவேன்.

ஒற்றைப் படத்தை நம்பவே வேண்டாம். காற்று ஒரு நொடிக்குள் பலமுறை மாறுவதால், நூற்றுக்கணக்கான படங்களை வீடியோவாக எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் தரவரிசைப்படுத்தி, சிறந்த 10 அல்லது 15 விழுக்காட்டை மட்டும் அடுக்கி, பிறகு கூர்மைப்படுத்துங்கள். டி.எஸ்.எல்.ஆரின் சாதாரண வீடியோ சென்சார் முழுவதையும் சுருக்கிப் பதிவு செய்வதால், பிக்சலுக்குப் பிக்சல் பதிவு செய்யும் சிறிய கோள் கேமராவே (கோள்களைப் படமெடுக்கப் பயன்படும் வகை) இதற்கு ஏற்றது. சூரியப் பரப்பில் அரிசிமணிகளைப் போலத் தெரியும் கொதிப்புக் குமிழ்கள் பத்து நிமிட அளவில் உருமாறிவிடுவதால், ஒவ்வொரு வீடியோவும் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் நீளக் கூடாது.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். புறநிழலின் தனி இழை ஒரு வில்விநாடிக்கும் மெல்லியது; 80 மி.மீ. அதைப் பிரித்துக் காட்டாது. ஆனால் இழைக்கற்றைகள் நடுவிலிருந்து வெளிநோக்கி விரிவது தெரியும். 1909-இல் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட், வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தது இந்தப் புறநிழலில்தான். உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்த ஆய்வகத்தை அவசியம் போய்ப் பாருங்கள்.

கிழக்குவானம்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பார்லோ சேர்த்தால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையுமே. அதற்காக அடர்த்தி 3.8 ஃபிலிமுக்கு மாறலாமா?

நிழலளவி:
கேமராவுக்கு மட்டும் என்றால் மாறலாம். அது 5.0 ஃபிலிமைவிட 16 மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், 1/1000 நொடிக்கும் குறைந்த நேரத்தில் எடுத்துக் காற்றின் அசைவை உறைய வைக்க முடியும். ஆனால் அதன் வழியே கண்ணால் பார்ப்பது ஆபத்து, டி.எஸ்.எல்.ஆரின் ஒளியியல் வியூஃபைண்டர் வழியாகப் பார்ப்பதும் அதே ஆபத்துதான். திரையில் மட்டும் பார்த்துக் குவியம் சரிசெய்யுங்கள். வீட்டுக் குழந்தைகள் எட்டிப் பார்க்கும் மாடி என்றால் 5.0 ஃபிலிமிலேயே இருங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

6 அங்குலக் கருவியை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். நம் ஊர்ப் பகல் காற்றில் சீரான பகுதிகள் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் அகலமே இருப்பதால், அந்தக் கூடுதல் விட்டம் பயன்படும் நாட்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் ஃபைண்டரை (குறிபார்க்க உதவும் துணைத் தொலைநோக்கியை) கழற்றி வையுங்கள் அல்லது மூடுங்கள். ஃபிலிமை விளக்கின் எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள்; காற்றில் பறக்காதபடி அதன் சட்டத்தை டேப்பால் ஒட்டுங்கள்.