‘ஓய்வுநிலை உராய்வு’க்கு மாற்றுச் சொல் தேவை

பென்னாகரம், இயற்பியல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை பதினொன்றாம் வகுப்புக்கு உராய்வு நடத்த வேண்டும். நடக்கையில் பாதம் தரையைப் பின்னே தள்ளுகிறது, தரை நம்மை முன்னே தள்ளுகிறது. பதிந்த பாதம் அந்தக் கணத்தில் நகர்வதில்லை. அதனால் இது ஓய்வுநிலை உராய்வு. இப்படிச் சொன்னால், “நடக்கிறவனுக்கு ஏது மிஸ் ஓய்வு?” என்கிறார்கள் பிள்ளைகள். பாதிப் பாடவேளை இதிலேயே போகிறது. நல்ல சொல் தாருங்கள்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, வள்ளுவரிடமே இருக்கிறது. “இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே.” இழுக்கல் வழுக்கு நிலம், ஊற்றுக்கோல் ஊன்றுகோலின் வலித்தல் விகாரம், அதாவது மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிந்தது. எனவே ஊன்றுராய்வு. சறுக்கும்போது எழுவது இழுக்குராய்வு. உராய், உரசு, உரிஞ்சு எல்லாம் ஒரே வேர். மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சு கல் நடுவதை 32 அறங்களில் ஒன்றாக வைத்த மொழி இது. உரலும் இந்த வேரில் பிறந்தது என்பது என் கருத்து.

தருமபுரி, பொறியாளர்:
ஐயா, உரலை விட்டுவிடுவோம். இழுக்கு என்றால் இன்று பழி என்றுதான் பிள்ளைகளுக்குப் புரியும். சாய்த்த பலகைமேல் புத்தகம் நழுவாமல் இருக்கிறதே, அது எதை ஊன்றுகிறது? தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுபவர்கள் மழை நாளில் ‘ரோட்டில் பிடிமானம் இல்லை’ என்பார்கள். பிடிமானம் போதும்.

ஓசூர், மொழிபெயர்ப்பாளர்:
பிடிமானம் விசையின் பெயர் ஆகாது. ‘பெருமப் பிடிமானம்’ என்று எழுதிப் பாருங்கள், ஒட்டாது. பற்றுராய்வு, சறுக்குராய்வு என்ற இணையை முன்வைக்கிறேன். எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் வழுக்குவதை ‘ஜாரு’ என்பார்கள். சறுக்கு என்றதும் பிடித்துக்கொள்வார்கள்.

பென்னாகரம், இயற்பியல் ஆசிரியை:
சொல் எதுவானாலும் ஒன்று விளங்க வேண்டும். இந்த உராய்வு தேவைக்கேற்பக் கூடும். ஓர் எல்லைக்கு மேல் கூடாது. சமதரையில் இயல்பாக நடக்க உராய்வுக் குணகம், அதாவது தரையை அழுத்தும் விசையோடு ஒப்பிட்ட உராய்வின் எல்லை, சுமார் 0.2 வேண்டும். உலர்ந்த கான்கிரீட்டில் ரப்பர் செருப்புக்கு இதைப்போலப் பல மடங்கு கிடைக்கிறது. மெருகேற்றிய கிரானைட் தரையில் தண்ணீர் சிந்தினால் எல்லை சரிகிறது; குதிகால் ஊன்றும் நொடியில் கால் முன்னே வாரிவிடும். ஒகேனக்கல்லில் பாசி படிந்த பாறைமேல் பழகியவர்கள் நடப்பதைப் பாருங்கள். எடுத்து வைக்கும் அடி குறுகும், பாதம் முழுதாகப் பதியும். எட்டி வைத்தால் கால் சாய்வாக இறங்கும். எடையோடு ஒப்பிட, தரையைக் கிடைமட்டமாகத் தள்ளும் பங்கு கூடிவிடும். பற்றுராய்வில் இந்தப் ‘பற்றி நிற்றல்’ கேட்கிறது.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பற்று என்றால் வங்கிக் கணக்கில் பற்று வரவு. சமயத்தில் உலகப்பற்று. இத்தனை பொருள் சுமந்த சொல்மேல் இன்னொன்றை ஏற்றலாமா?

தருமபுரி, பொறியாளர்:
சுமக்கட்டும் ஐயா. பற்றுக்கம்பி, பற்றுக்கோடு எல்லாம் பிடிப்பதைத்தானே சொல்கின்றன? பிடிமானத்தை விலக்கிக்கொள்கிறேன். என் வாக்கு பற்றுராய்வுக்கு.

பென்னாகரம், இயற்பியல் ஆசிரியை:
நன்றி. கரும்பலகையில் பற்றுராய்வு என்று எழுதி, தேர்வுக்காக ஓய்வுநிலை உராய்வு என்பதைப் பக்கத்தில் போடுகிறேன்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
உங்கள் வகுப்பு, உங்கள் முடிவு அம்மா. நான் ஊன்றுராய்வு என்றே எழுதுவேன். அந்தப் புத்தகமும் பலகையை ஊன்றித்தான் இருக்கிறது. உரல் பற்றித் தனி மடல் நாளை.