ராக் ரிட்ஜ் சிடியில் மோட், டிமோட் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

வணக்கம். அலுவலகத்தில் டெபியன் (லினக்ஸ்) கணினி ஒன்றில் பழைய பேக்கப் சிடிக்களைப் போட்டு கோப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாம் ஐஎஸ்ஓ 9660 என்ற சிடி கோப்பு முறைமையில், ராக் ரிட்ஜ் (நீளமான பெயர், உரிமையாளர், அனுமதி ஆகியவற்றையும் பதியும் நீட்டிப்பு) சேர்த்து எழுதிய சிடிக்கள். அந்தக் காலத்து சர்வரின் பயனர் எண், 600 அனுமதி (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்) எல்லாம் அப்படியே பதிந்திருக்கின்றன. ரூட் என்ற நிர்வாகக் கணக்கைத் தவிர யாராலும் திறக்க முடியவில்லை. சிடி என்பதால் சிஹெச்மோட் போட்டு அனுமதியை மாற்றவும் வழியில்லை.

வட்டை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரியில் எங்கள் குழுவின் ஜிஐடி (குழு எண்), கூடவே மோட்=0440 (கோப்புகளின் அனுமதி), டிமோட்=0550 (கோப்புறைகளின் அனுமதி) கொடுத்தேன். குழு மாறுகிறது, அனுமதி மட்டும் அசையவே இல்லை. ராக் ரிட்ஜ் இல்லாத சிடியில் இதே வரி ஒழுங்காக வேலை செய்கிறது. ராக் ரிட்ஜை ஒதுக்கிவிடும் நோராக் விருப்பத்தைக் கொடுத்தால் அனுமதி சரியாகிவிடுகிறது. ஆனால் இந்த சிடிக்களில் ஜோலியட்டும் (நீளமான பெயர்களுக்கான இன்னொரு நீட்டிப்பு) கிடையாது, அதனால் நீளமான பெயர்கள் எல்லாம் எட்டெழுத்தாக வெட்டுப்படுகின்றன. அப்புறம் எது எந்தக் கோப்பு என்று யார் தேடுவது?

ராக் ரிட்ஜ் இருந்தாலும் மோட், டிமோட் மதிப்புகளையே எடுத்துக்கொள்ள ஓவர்ரைட்ராக்பெர்ம் என்று ஒரு விருப்பம் கர்னல் ஆவணத்தில் இருக்கிறது. அதைச் சேர்க்கலாம்தான். சிக்கல் என்னவென்றால், அதே டிரைவில், அதே வரியில், யுடிஎஃப் என்ற வேறு கோப்பு முறைமை கொண்ட டிவிடிக்களும் வரும். யுடிஎஃப்புக்கு மோட், டிமோட் தெரியும், இந்த விருப்பம் தெரியாது. அதனால் அந்த டிவிடி மவுண்டே ஆகாமல் (கணினியில் இணையாமல்) போகும்.

இரண்டு வகைக்கும் தனித்தனி மவுண்ட் பாயின்ட் வைப்பதுதான் வழியா? அல்லது வட்டுகளை மவுண்ட் செய்துதரும் யுடிஸ்க்ஸ் சேவையின் அமைப்பில் கோப்பு முறைமை வாரியாகப் பிரித்துக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? இருந்தால் அந்த வரிகளை இங்கே போடுங்கள். தினமும் சிடி மாற்றுபவர்களிடம் ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.