கலைச்சொல் தேவை: ‘ஓவர்டிரெயினிங்’ (ஆண்குறிக் காயங்கள் பற்றிய கைப்பிரதிக்கு, திங்களுக்குள்)

தருமபுரி, மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். ஓசூர் சிப்காட் பக்கம் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பையன்களுக்காக ஒரு கைப்பிரதியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போக வேண்டும். ஆண்குறி பெரிதாகும் என்று கைபேசியில் பார்த்துவிட்டுச் செய்கிற இழுப்பு, உருவல், பம்பு இவற்றால் வரும் காயங்களைத் தவிர்ப்பது பற்றியது. கூச்சப்பட்டுச் சுற்றி வளைத்தால் படிக்கிறவனுக்குப் புரியாது, அதனால் நேராகவே கேட்கிறேன். ‘ஓவர்டிரெயினிங்’ என்பதற்கு என்ன போடலாம்? ‘மிகைப்பயிற்சி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது ஏதோ நெருடுகிறது, என்னவென்று பிடிபடவில்லை.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, மிகை என்பது இன்றைய வழக்கில் பெரும்பாலும் அளவைத்தான் சொல்லும், கேட்டைச் சொல்லாது. மிகுதி உணர்த்தும் உரிச்சொற்களாக உறு, தவ, நனி மூன்றைத் தொல்காப்பியர் சொன்னார், நன்னூலார் அதோடு சால, கூர், கழி சேர்த்து ஆறாக்கினார். இந்த ஆறில் உங்களுக்கு வேண்டியது கழி. வள்ளுவர் அளவில்லாமல் தின்பவனை ‘கழிபேர் இரையான்’ என்கிறார், அவனிடம் நோய் நிற்கும் என்கிறார். அளவு கடந்ததும் நோய் வந்ததும் ஒரே இடத்தில் இருக்கிறது பாருங்கள். ஆகவே ‘கழிபயிற்சி’. வல்லினம் மிகாது, கழிபெருங்காதல் போல.

காவேரிப்பட்டணம், உடற்கல்வி ஆசிரியர்:

ஐயா, இலக்கணம் சரி, ஆனால் என் பையன்களிடம் கழி என்றால் குச்சி, இல்லையென்றால் கணக்குப் பாடத்துக் கழித்தல். நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகி ராகிக் களியிலேயே போய் நிற்கும். மைதானத்தில் நான் பல வருஷமாக ‘மிகைப்பயிற்சி’ என்றுதான் சொல்கிறேன், யாரும் என்ன என்று கேட்டதில்லை. கபடி ஆடுகிறவன் ஓய்வில்லாமல் ஏற்றிக்கொண்டே போனால் தூக்கம் கெடும், ஆட்டம் இறங்கும், காலையில் எழுந்ததும் பார்த்தால் நாடி வேகமாக ஓடும். சில நாள் ஓய்வில் தேறினால் அது வெறும் களைப்பு. மாதக்கணக்கில் தேறாவிட்டால்தான் இந்தச் சொல். தசைக்குப் பளு கொடு, ஓய்வு கொடு, முன்பைவிட வலுவாகித் திரும்பி வரும், அவ்வளவுதான் கணக்கு.

கிருஷ்ணகிரி, மருத்துவர்:

சார் கடைசியாகச் சொன்ன அந்தக் கணக்குதான் இங்கே பொருந்தாது, தருமபுரித் தம்பிக்கு நெருடுவதும் அதுவாகத்தான் இருக்கும். ஆண்குறி கை கால் தசை போன்றதில்லை. உள்ளே ரத்தம் நிறைகிற பஞ்சு போன்ற திசு, அதைச் சுற்றி நாராலான ஓர் உறை. அந்த உறை கிழிந்தாலோ அடிக்கடி நுண்காயம் பட்டாலோ வலுத்து வளராது, தழும்புதான் கட்டும். தழும்பு விரியாது, அதனால் விறைக்கும்போது குறி வளையும், வலிக்கும், சிலருக்கு நீளமே குறையும். பெரிதாக்கப் போய்ச் சிறிதானது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைத்தான் பெய்ரோனி நோய் என்கிறோம், 1743-ல் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரால். கையால் உருவுவதால் நிரந்தரமாக வளரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. ‘மிகைப்பயிற்சி’ என்று போட்டால் அளவான பயிற்சி நல்லது என்று அந்தச் சொல்லே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

தருமபுரி, மொழிபெயர்ப்பாளர்:

அதேதான் டாக்டரம்மா. அப்படியென்றால் சிக்கல் மிகையில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பயிற்சியை எடுத்துவிட்டால் ‘கழியூறு’ என்று வையுங்கள். ஊறு என்றால் காயம். ‘சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்’ என்ற குறளில் அதே ஊறு தொடு உணர்வு. உறு என்ற வினை நீண்டு பிறந்தது, உறுவது எல்லாம் ஊறு, தொடுவதும் ஊறு, தொட்டதால் வருகிற கேடும் ஊறு. இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்? உறுப்பு என்ற சொல்லும் இந்த உறுவிலிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம். பீலி ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்றாரே வள்ளுவர், மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனவன் கதை அது. மெதுவாகத்தானே உருவினேன் என்று உங்கள் பையன் சொல்வதற்கு அதுதான் பதில்.

ஊத்தங்கரை, மருந்துக்கடைக்காரர்:

ஐயா, பீலி உவமை கைப்பிரதியில் வரட்டும், மனதில் நிற்கும். கழியூறு வேண்டாம். என் கடைக்கு வருகிறவன் கூட்டம் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு ‘அண்ணா, ஓவரா இழுத்துட்டேன், ரத்தக்கட்டு மாதிரி இருக்கு’ என்பான். அவன் வாயில் வருவது இழுத்தது, ரத்தக்கட்டு, மரத்துப் போனது, இந்த மூன்றும்தான். பேருந்து நிலையச் சுவரில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒட்டியிருக்கிற சுவரொட்டிக்காரர்கள் அவன் பாஷையில் பேசித்தான் காசு பிடுங்குகிறார்கள், நல்லது சொல்கிற நாம் மட்டும் புரியாத பாஷையில் பேசினால் எப்படி? ‘அளவு மீறிய இழுப்பு’ என்று போடுங்கள்.

கிருஷ்ணகிரி, மருத்துவர்:

அதிலும் ‘அளவு’ உட்கார்ந்திருக்கிறது அண்ணா. எந்த அளவு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ‘இழுப்புக் காயம்’ என்பேன். பெயர் எதுவானாலும் இவை கட்டாயம் இருக்கட்டும்: தோலில் சிவப்புப் புள்ளிகள், ரத்தக்கட்டு, வலி, மரத்துப்போதல், மேலே கயிறு போலத் தடித்த ரத்த நரம்பு, காலை விறைப்பு காணாமல் போவது. ஒன்று வந்தாலும் நிறுத்த வேண்டும், ஆறியதும் மறுபடி தொடங்கலாம் என்று எழுதாதீர்கள். பம்போடு வரும், குறியின் அடியில் மாட்டும் வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. விறைப்பு 4 மணி நேரம் இறங்காவிட்டாலோ, ‘டப்’ என்ற சத்தத்தோடு விறைப்பு போய் வீங்கினாலோ, நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவு. இன்னொன்றும் சேருங்கள். 2015-ல் 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்தார்கள், விறைத்த நிலையில் சராசரி 13.12 செ.மீ. படங்களைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு குறையும் இருப்பதில்லை.

காவேரிப்பட்டணம், உடற்கல்வி ஆசிரியர்:

இழுப்பு என்றால் எங்கள் ஊரில் மூச்சிரைப்பு, வலிப்பையும் சொல்வார்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி, மொழிபெயர்ப்பாளர்:

ஞாயிறு ராத்திரி ஆகிவிட்டது, இதற்கு மேல் தள்ள முடியாது. கைப்பிரதியில் ‘இழுத்து உருவுவதால் வரும் காயம்’ என்று நீளமாகவே விடுகிறேன், அடுத்த வரியில் ‘ஜிம்மில் சொல்லும் ஓவர்டிரெயினிங் வேறு, இது வேறு’ என்று சேர்த்திருக்கிறேன். பீலி வண்டி முதல் பக்கத்தில் வருகிறது. நம் சொற்பட்டியலில் ‘மிகைப்பயிற்சி’ விளையாட்டுக்கு மட்டும் என்ற குறிப்போடு இருக்கட்டும். மூன்று பேர் ஒப்புதல், புலவர் ஐயா மறுப்பு.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நான்கு சொல் சேர்ந்த ஒரு தொடர் கலைச்சொல் ஆகாது, தம்பி. அச்சுக்குப் போகட்டும், பையன்களுக்குப் புரிந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். பட்டியலில் கழியூறு என்பதை என் மறுப்போடு பதிந்து வையுங்கள். ‘உருவல்’ என்ற சொல்லைப் பற்றி நாளை தனி மடல் போடுகிறேன்.